வளையல் யாருடைய வேலை?

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டைக்கு அருகே, விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் ஒரு தொல்மேடு இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் 16 குழிகளிலிருந்து 3254 பொருட்கள் கிடைத்தன. இரண்டாம் கட்டத்தில் 4660. மூன்றாம் கட்டம் 2024 ஜூனில் தொடங்கியது. நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், சுடுமண் காதணிகள், தக்களிகள், ஆட்டக்காய்கள், வட்டச் சில்லுகள், தலையலங்காரத்தோடு கூடிய சுடுமண் பெண் உருவங்கள், யானைத் தந்தத்தில் செய்த பதக்கம் என்று பட்டியல் நீள்கிறது.

இவை ஒவ்வொன்றாக நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வந்த காலத்தில் நான் அவற்றை வெட்டியெடுத்துச் சேர்த்து வைத்தேன். சாத்தூர்ப் பக்கத்துக்காரி என்பதால் வந்த சொந்த ஊர்ப் பெருமைதான் காரணம். ஒரு கட்டத்தில், பொருட்களைவிட அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் வினைச்சொற்கள் என்னை அதிகம் தொந்தரவு செய்யத் தொடங்கின. வளையலைப் பெண்கள் அணிந்தார்கள். காதணியை அணிந்தார்கள். மணிகளைக் கோத்துப் போட்டுக்கொண்டார்கள். சில்லைச் சிறுவர்கள் விளையாடினார்கள். இரும்பு என்று வரும்போது மட்டும் வினை மாறுகிறது: உருக்கினார்கள், வடித்தார்கள், வணிகம் செய்தார்கள். இங்கே எழுவாய் ‘தமிழர்’. தமிழர் உருக்குகிறார், பெண் அணிகிறாள்.

இந்த வாக்கிய அமைப்பின்மீதுதான் இந்தக் கட்டுரையின் விமர்சனம். அகழாய்வாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. வெயிலில் செங்குத்தாக இறங்கிய அந்தக் குழிகளின் சுவரைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

தமிழ்நாட்டுத் தொல்லியலின் அக்கறைகள் எப்படி மாறி வந்திருக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம் பள்ளிப் பாடங்களில் ‘தொல்லியல்’ என்றால் கல்வெட்டும் கோயிலும்தான். அரசன் வென்றான், கொடுத்தான், கட்டினான். மண்ணைத் தோண்டியபோதும் கண்கள் ஈமக்காட்டின் மேலேயே இருந்தன. 1899இல் தொடங்கி ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ வெளிக்கொணர்ந்த தாழிகளும் பொன் நெற்றிப் பட்டங்களும் அதற்கு எடுத்துக்காட்டு. கீழடிதான் பொதுமக்களின் பார்வையைச் சாவிலிருந்து வாழ்வுக்குத் திருப்பியது. 2014இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கி, பிறகு 2018 முதல் மாநிலத் துறை தொடர்ந்தபோது, செங்கல் சுவரும் உறைகிணறும் வடிகாலும் செய்தியாயின. கல்வெட்டில் பெயர் பொறிக்க வசதியில்லாத மனிதர்களும் வரலாற்றுக்குள் வரலாம் என்று முதன்முறையாக நம்பினோம். சாதாரணப் பானை ஓட்டுக்காக ஊர் திரண்டு நின்று பார்த்ததை ஒரு பெரிய பண்பாட்டு மாற்றம் என்றே நான் கருதுகிறேன்.

அதன் பிறகு கவனம் வேகமாகக் காலக்கணிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. 2025 ஜனவரியில் ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை வெளியானது. சிவகளையில் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 3345 வரை போகிறது என்று முதலமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம், அமர்நாத் ராமகிருஷ்ணன் எழுதிய 982 பக்கக் கீழடி அறிக்கையைத் திருத்தித் தரும்படி மத்தியத் துறை கேட்டது, தமிழ்நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. ஆண்டுகளைக் குறைக்கச் சொல்லும் குரலுக்குப் பின்னால் இருக்கும் அரசியல் நமக்குத் தெரியாததில்லை. ஆனால் டெல்லி ‘எவ்வளவு பழமை?’ என்று கேட்க, சென்னை ‘இவ்வளவு பழமை!’ என்று பதில் சொல்ல, இரண்டு பேரும் ஒரே கேள்விக்குள்தான் நின்று சண்டை போடுகிறார்கள். அந்தக் கேள்வியில் தக்களிக்கு இடமில்லை. அது கிடந்த மண்ணடுக்கின் கரிக்குத்தான் இடம்.

வளையலுக்கு வருவோம். வெம்பக்கோட்டையில் கிடைத்த சங்கு வளையல்களில் முழுமையானவை உண்டு, உடைந்தவை உண்டு, வேலை முடியாதவையும் உண்டு. இங்கே வளையல் தயாரிப்புக் கூடம் இருந்திருக்கலாம் என்று துறையினரே சொல்லியிருக்கிறார்கள். வைப்பாறு மன்னார் வளைகுடாவில் போய்ச் சேருகிற ஆறு. சங்கு அந்தக் கடலின் சரக்கு. ஆற்றோடு மேலேறினால் கரிசல் காட்டில் இந்த மேடு. பொருள் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது எளிது. அதன் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நாம் கடந்துவிடுகிறோம்.

சங்கு வளையல் செய்வது கொடூரமான வேலை. சங்கின் வாயையும் முனையையும் தட்டி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் நடுத்தண்டை உடைத்து நீக்க வேண்டும். காலுக்கடியில் சங்கை அழுத்திப் பிடித்து, இரும்பு வாளால் முன்னும் பின்னுமாக இழுத்து வளையம் வளையமாக அறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் கல்லில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கடைசியில்தான் கோடும் பூவும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் வெள்ளைத் தூள் நுரையீரலுக்குப் போகும். ஒரு சங்கில் சில வளையல்களுக்கு மேல் தேறாது, மிச்சமெல்லாம் கழிவு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், வங்காளத்துச் சங்கறுப்பவர்களைப் பற்றி எழுதியதோடு, கொற்கையிலும் காயலிலும் கிடந்த அறுபட்ட சங்குத் துண்டுகளையும் பார்த்து, இந்தத் தொழில் ஒருகாலத்தில் பாண்டிய நாட்டுக் கரையில் நடந்தது என்று கணித்தார். அவருக்கு அதைச் சொன்னவை வளையல்களைவிடக் கழிவுகள்தான்.

அகநானூற்றின் 24ஆம் பாடலில் சங்கறுப்பவர் ஒருவர் வருகிறார். வேள்வி செய்யாத பார்ப்பனர் அரத்தால் சங்கை அறுத்தெடுத்தது பற்றிய குறிப்பு அது. பாடலை வாசித்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பார்ப்பனரின் சாதி பற்றித்தான் விவாதித்திருக்கிறார்கள். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது: அறுப்பது கவிதைக்குள் வந்துவிட்டது, தேய்ப்பது வரவில்லை. தேய்த்தவர் யார்? அறுத்தவரின் மனைவியா, மகளா, கூலிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணா, அல்லது இன்னொரு ஆணா? தேய்த்தது பெண்தான் என்று நான் வாதிட வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் நிகழ்காலத்தைக் கொண்டுபோய்ப் பழைய மண்ணில் புதைத்தவளாவேன். கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதே என் வாதம். ‘பெண்கள் அணிந்த வளையல்’ என்று எழுதும் கணத்தில் அந்தக் கேள்வி மூடப்பட்டுவிடுகிறது.

உலகத் தொல்லியலில் இந்தக் கேள்விக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மார்கரெட் கான்கி, ஜேனட் ஸ்பெக்டர் என்ற இரு அமெரிக்கத் தொல்லியலாளர்கள் 1984இல் எழுதிய நீண்ட கட்டுரையில், தொல்லியலாளர்கள் தங்கள் காலத்து ஆண்–பெண் ஏற்பாட்டையே எல்லாக் காலத்துக்கும் பொதுவானதாக வைத்து எழுதுகிறார்கள் என்று குற்றஞ்சாட்டினார்கள். ஸ்பெக்டரின் பிற்கால நூல் ஒரு சின்னப் பொருளைப் பற்றியது. மாணவியர் தேடி வாசிக்க வேண்டியது. மினசோட்டாவில் டகோட்டாப் பழங்குடியினர் வாழ்ந்த இடத்தில் ஒரு தமரூசியின் கைப்பிடி கிடைத்தது. தோலைத் துளைத்துத் தைக்கப் பெண்கள் பயன்படுத்திய கருவி. வழக்கமான ஆய்வு முறையில் இரும்பு முனைக்குத்தான் மதிப்பு. ஏனென்றால் அது வெள்ளை வணிகர்களிடமிருந்து வந்தது, அதை வைத்துக் காலம் சொல்லலாம். கொம்பினாலான கைப்பிடி துணைப்பொருள். ஆனால் அந்தக் கைப்பிடியில் புள்ளிகளும் கோடுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. டகோட்டாப் பெண்கள் தாங்கள் முடித்த வேலைகளைக் கருவியின் கைப்பிடியில் இப்படிக் குறித்து வைக்கும் வழக்கம் இருந்ததை ஸ்பெக்டர் கண்டறிந்தார். அது ஒரு பெண்ணின் உழைப்புக் கணக்கு. காலம் சொல்லும் முனையை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கணக்கு கடைசிவரை வாசிக்கப்பட்டிருக்காது.

இதை வாசித்த பிறகு நம் தக்களிகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. கீழடியில் தக்களி கிடைத்தபோது அது நெசவுத் தொழிலின் சான்று ஆனது. நெசவு வணிகத்தின் சான்று ஆனது. வணிகம் நகர நாகரிகத்தின் சான்று ஆனது. மூன்றே தாவலில் நூற்றவள் காணாமல் போய்விட்டாள். இத்தனைக்கும் நம் இலக்கியம் அவளை மறக்கவில்லை. நற்றிணையின் 353ஆம் பாடல், ஆண் துணையில்லாத பெண்கள் தங்கள் சொந்த முயற்சியில் நூற்ற நுண்ணிய நூலை உவமையாகக் காட்டுகிறது. உவமை என்பதால்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். புகழ்வதற்கென்று எடுக்கப்பட்ட செய்தியில்லை. எல்லோருக்கும் தெரிந்த காட்சி என்று கவிஞர் போகிறபோக்கில் சொன்னது. ஆண் இல்லாத வீட்டில் நூற்பு கஞ்சிக்கு வழி. அப்படியானால் ஒரு தக்களி கைம்பெண் ஒருத்தியின் பிழைப்பாகவும் இருந்திருக்கலாம். ‘செழிப்பின் சான்று’ என்ற சொல்லுக்குள் அந்தச் சாத்தியத்தை எப்படி அடைப்பது?

இதையெல்லாம் மண்ணிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். முன்பு முடியாமல் இருந்தது பல இப்போது முடிகிறது. தக்களியின் எடையை வைத்து அதில் நூற்ற நூலின் தன்மையை ஊகிக்கலாம். எடை குறைந்த தக்களி மெல்லிய நூலுக்கு ஏற்றது. அமெரிக்காவின் சாக்கோ பள்ளத்தாக்குப் பகுதியின் பழைய பானைகளில் பதிந்திருந்த விரல்ரேகைகளின் வரி அகலத்தை அளந்து, அவற்றை வனைந்தது ஆணா பெண்ணா என்று கணித்தார்கள். அந்தப் பகுதியில் பானை செய்வது பெண்களின் வேலை என்பதே அதுவரையிலான நம்பிக்கை. 2019இல் வெளிவந்த முடிவு, இருபாலரின் விரல்களும் அந்த மண்ணில் பதிந்திருந்தன என்றது. பெண்ணுக்குச் சாதகமாக அமையும் என்று எதிர்பார்த்து இந்த ஆய்வுகளுக்குள் போகக் கூடாது என்பதற்காகவே இந்த எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நம் சுடுமண் பொம்மைகளிலும் பானை ஓடுகளிலும் விரல்ரேகைகள் இருக்குமே, அவற்றை யார் அளப்பது?

அதே 2019இல் இன்னொன்று. ஜெர்மனியின் டால்ஹைம் என்ற இடத்தில், ஒரு கன்னியர் மடத்து இடுகாட்டில் கிடைத்த இடைக்காலப் பெண் ஒருத்தியின் பற்காறையில் நீலத்துகள்கள் இருந்தன. அது ஆப்கானிஸ்தானிலிருந்து மட்டுமே அந்தக் காலத்து ஐரோப்பாவுக்கு வந்த, பொன்னுக்கு நிகராக விலைபோன நீலக்கல்லின் பொடி. மிகத் தேர்ந்த ஓவியர்களிடம்தான் அதைக் கொடுப்பார்கள். தூரிகை முனையை நாக்கால் கூராக்கிக் கூராக்கி அது அவள் பல்லில் படிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சுவடிகளில் ஓவியம் தீட்டியவர்கள் ஆண் துறவிகள் என்றே பெரும்பாலும் எழுதப்பட்ட வரலாற்றில், கையொப்பமிடாத ஒருத்தி தன் பல்லால் சாட்சி சொல்லியிருக்கிறாள். ஸ்பெயினின் செவில் நகருக்கு அருகே 2008இல் திறக்கப்பட்ட, தந்தப் பொருட்கள் நிறைந்த 5000 ஆண்டுக் கல்லறைக்கு உரியவர் ஓர் இளைஞன் என்றுதான் முதலில் எழுதினார்கள். 2023இல் பல் எனாமலில் இருந்த புரதத்தைச் சோதித்தபோது அது பெண் என்று தெரிந்தது. செல்வமும் செல்வாக்கும் என்றால் ஆண் என்பது அவ்வளவு இயல்பான முடிவாக இருந்திருக்கிறது.

கருவிகள் புதியவை, கேள்விகள் பழையவை. தொல் மரபணு ஆய்வு என்றால் நம் நாட்டில் உடனே எழுவது ‘ஆரியரா, திராவிடரா’ என்ற கேள்வி. எலும்பைப் பார்த்து இவள் என்ன வேலை செய்தாள், எந்த முட்டி தேய்ந்தது, எத்தனை வயதில் தலைச்சுமை தூக்கத் தொடங்கினாள் என்றும் கேட்க முடியும். வெம்பக்கோட்டை குடியிருப்பு மேடு. தாழிகளும் எலும்புக்கூடுகளும் வரிசையாகக் கிடைக்கும் ஈமக்காடு இல்லை. அதனால் இங்கே சாட்சி சொல்ல வேண்டியவை கழிவுகள்தான். அறுபட்ட சங்குத் துண்டு எந்தக் குழியில், அடுப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடந்தது? தக்களியும் ஆட்டக்காயும் ஒரே தளத்தில் கிடந்தனவா? வேலையும் சமையலும் பிள்ளை வளர்ப்பும் ஒரே முற்றத்தில் நடந்தனவா, அல்லது தனிக் கூடம் இருந்ததா? ‘3254’ என்ற மொத்த எண்ணிக்கை இதில் எதற்கும் விடை தராது.

பெயர் வைப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மொகஞ்சதாரோவில் கிடைத்த அந்த வெண்கலச் சிறுபெண்ணை ‘நடன மங்கை’ என்று அழைத்தார்கள். அவள் ஆடவில்லை, இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். ஆனால் நூறாண்டுகளாக அவளுக்கு அதுதான் தொழில். பெயர்ப் பலகை எழுதும் கை கொஞ்சம் தாமதிக்க வேண்டும். ஒரு சிறு பொன் வில்லை கிடைத்தால் அதைத் ‘தாலி’ என்று எழுதிவிட ஒரு நொடி போதும். அந்த நொடியில் இன்றைய கல்யாண மண்டபம் ஒன்று 2000 ஆண்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும், எல்லோரும் அதைத் தமிழர் பண்பாட்டின் தொடர்ச்சி என்று கைதட்டுவார்கள்.

வெம்பக்கோட்டையில் நின்று இதைப் பேசுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தொல்மேட்டைச் சுற்றியிருப்பது பட்டாசுப் பூமி. காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால் ஊர் ஊராகப் பெண்கள் தூக்குவாளியோடு ஏறிப் போகிறார்கள். குழாய் உருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டி போடுவது எல்லாம் பீஸ் கணக்கு. என் பெரியம்மா முப்பது வருடம் சரம் பின்னினார். அவர் விரல் நுனிகளில் ரேகை மழுங்கிப்போய் ரேஷன் கடை எந்திரம் அவரை ஏற்றுக்கொள்ளாது. பழைய பானையில் விரல்ரேகை தேடும் ஆய்வைப் பற்றி வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த எந்திரம்தான்.

சிவகாசித் தொழிலின் வரலாற்றை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். வறண்ட கரிசல் பூமி வாழ்வு பெற்றது. உண்மைதான். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டாகத் தீக்குச்சி அடுக்கியவர்களும் பெட்டி ஒட்டியவர்களும் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் என்பது அதே கதையில் பின்னிணைப்பாகக்கூட வருவதில்லை. கற்றுவந்தவருக்குப் பெயர் உண்டு, செய்தவளுக்கு இல்லை. சங்கறுத்தவரும் தேய்த்தவரும் போலத்தான்.

இந்த உழைப்பு மண்ணில் எதையும் விட்டுவைக்கப் போவதுமில்லை. சங்கு 2000 ஆண்டு தாங்குகிறது. காகிதக் குழாய் வெடித்தால் அன்றைக்கே முடிந்தது. ஒருகாலத்தில் இந்த இடங்களை யாராவது தோண்டினால், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சிறு சிறு அறைகளின் அடித்தளம் தெரியும். ‘திட்டமிட்ட தொழிற்கூட அமைப்பு’ என்று குறிப்பு எழுதுவார்கள். அறைக்கு நாலு பேர் என்ற விதியை மீறி அதற்குள் அடைத்து உட்கார வைக்கப்பட்டவர்களும், இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தியவர்களும் அந்த வரைபடத்தில் வரமாட்டார்கள். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே இராமுத்தேவன்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆண்டில் பாதி நாள் இந்த வட்டாரத்தில் ஏதோ ஒரு ஊரில் இப்படி ஒரு தகவல் பலகை நட்டுக்கொண்டிருக்க வேண்டும், யாரும் நடுவதில்லை.

அகழாய்வுக் குழிக்குள் மண் அள்ளுகிறவர்களிலும் உள்ளூர்ப் பெண்கள் உண்டு. முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, சட்டியில் மண் வாங்கி, சலித்து, கையில் உருளும் மணியைத் தனியே எடுத்து வைக்கிறவர்கள். மணிக்கும் கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொட்டே சொல்லும் அறிவு சில வாரங்களில் அவர்களுக்கு வந்துவிடுகிறது. இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு யுஸ்ராவின் நினைவு வரும். பாலஸ்தீனத்தின் கார்மேல் மலைக் குகைகளில் 1929 முதல் 1934 வரை டோரதி கேரட் அகழாய்வு நடத்தியபோது உள்ளூர்ப் பெண்களையே அதிகம் வேலைக்கு வைத்தார். அவர்களில் ஒருத்தி யுஸ்ரா. 1932இல் ஒரு பல்லைப் பார்த்து அடையாளம் கண்டது அவள்தான். அதைத் தொடர்ந்தே தபூன் குகையின் புகழ்பெற்ற நியாண்டர்தால் பெண்ணின் மண்டையோடு வெளிப்பட்டது. கேரட் 1939இல் கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். யுஸ்ராவின் ஊர்ப் பகுதியிலிருந்த கிராமங்கள் 1948இல் காலியாக்கப்பட்டன. அவளுடைய முழுப்பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. ஒரு பெண் தலைமை தாங்கிய அகழாய்விலேயே இதுதான் கதி என்பதையும் கவனிக்க வேண்டும். குழியின் மேலே நிற்பவர் பெண்ணாக இருப்பதால் மட்டும் குழிக்குள் இருப்பவளின் பெயர் பதிவேட்டில் ஏறிவிடாது.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பெண்களில் பலர் பட்டாசு வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அகழாய்வைப் பார்க்க அவர்களை அழைத்துப் போகிறார்கள். ஒருமுறை நானும் ஒரு குழுவோடு போனேன். கண்ணாடிப் பேழைக்குள் வளையல்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. அவற்றில் பாதி வேலையில் நின்றுபோன ஒன்றும் இருந்தது. உட்புறம் சொரசொரப்பாக, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அதைக் காட்டி, “இது ரிஜெக்ட் பீஸா அக்கா? ரிஜெக்ட் ஆனா கூலி குடுத்திருப்பாங்களா?” என்று கேட்டாள். அவளுடைய அம்மாவுக்கு வாரக் கடைசிக் கணக்கில் கழிவு பிடிப்பார்கள் என்று பிறகு சொன்னாள்.

அந்தக் கேள்வியை அவள் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டு அடுத்த ஆண்டு வந்தபோது அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினாள்.